டெல்டா வீட்டுக்காரர்களுக்கு: செப்டிக் டேங்க் எடுக்க ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நின்றது. ஐப்பசி அடைமழை. தெருமுனை வாய்க்கால் கரை தட்டி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமனார், மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். யார் யாரையோ கேட்டு ஒரு லாரிக்காரரின் எண்ணைப் பிடித்தேன். 4,500 ரூபாய் என்றார். பேரம் பேசுகிற நிலைமையில் நான் இல்லை, சரி என்றேன். வந்தார், எடுத்தார், போனார். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் டேங்க் பழையபடி தளும்பிக்கொண்டிருக்கிறது.

போன் செய்தேன். "ஊத்துத் தண்ணி ஏறிடுச்சுக்கா, அதுக்கு நான் என்ன பண்றது?" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னது உண்மைதான் என்பது பிறகுதான் புரிந்தது. அதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். அதற்கடுத்த பங்குனியில் ஒரு தடவை, போன பங்குனியில் இன்னொரு தடவை எடுத்துவிட்டேன். இப்போது அக்கம்பக்கத்தில் யாருக்கு டேங்க் நிறைந்தாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். புதிதாக வீடு வாங்கியவர்களும், வெளியூரிலிருந்து வந்து பூர்வீக வீட்டைத் திறந்து குடியேறியவர்களும் நான் பட்டதைப் பட வேண்டாம் என்று எழுதுகிறேன். நாங்கள் இருப்பது குடவாசல் பக்கத்துக் கிராமம். ரூபாய்க் கணக்கெல்லாம் எங்கள் ஊர்க் கணக்கு, உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

1. மண்ணுக்குள் இருப்பது டேங்கா, உறையா?

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் செப்டிக் டேங்க் என்றுதான் சொல்கிறோம். மூடியைத் திறந்தால்தான் தெரியும். மூன்று வகை இருக்கிறது.

செங்கல்லோ கான்கிரீட்டோ போட்டுக் கட்டி, அடித்தளமும் போட்டு, நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்தது சரியான டேங்க். கழிவு முதல் அறையில் விழும், கசடு அடியில் தங்கும், தெளிந்த நீர் அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து உறிஞ்சுகுழிக்குப் போகும்.

இரண்டாவது, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைத் திறந்தே விட்டது. கிராமத்தில் பாதி வீட்டில் இதுதான். இது குழிதான், டேங்க் கிடையாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இதற்குள் வரும், உள்ளே இருப்பது வெளியே போகும். லாரி மோட்டாரைப் போட்டு இதை அடிவரைக்கும் இழுத்தால் கழிவோடு மணலும் சேர்ந்து வரும். உறை சரியும், சுற்றியுள்ள தரை உள்வாங்கும்.

மூன்றாவது, இப்போது கடைகளில் விற்கிற ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க். சுற்றிலும் மண் ஊறிக் கிடக்கும்போது இதைக் காலி செய்தால் மிதக்கும். 1,000 லிட்டர் டேங்க் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தால் ஏறக்குறைய ஒரு டன் எடை அளவுக்கு விசை அதை மேலே தள்ளுகிறது. இணைத்த குழாயெல்லாம் பிய்ந்துவிடும்.

எந்த வகை என்று தெரியாமல் வண்டியைக் கூப்பிடாதீர்கள். கட்டின கொத்தனாரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் மாமனார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "துவைக்கிற கல்லுக்குக் கீழதான் இருக்கும் பாரு" என்றார். ஒரு மூடி கல்லுக்குக் கீழே இருந்தது. இன்னொன்றின் மேல் யாரோ சிமெண்ட் தளமே போட்டு வைத்திருந்தார்கள். உடைத்து எடுக்கக் கொத்தனாருக்கு அரை நாள், 900 ரூபாய். வண்டி வந்து நிற்கும்போது இதைக் கண்டுபிடித்தால் காத்திருப்புக் காசு வேறு கேட்பார்கள்.

மூடி திறந்த அன்றே நீளம், அகலம், ஆழத்தை அடிக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கி, வருவதை 28 ஆல் பெருக்கினால் லிட்டர். எங்கள் டேங்க் 8 அடிக்கு 4 அடி, தண்ணீர் நிற்கிற உயரம் 4 அடி. 128 கன அடி, ஏறத்தாழ 3,600 லிட்டர். இந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் நடக்காது. ஏன் என்று நான்காவதில் சொல்கிறேன்.

2. மாதம் பார்த்து எடுங்கள்

இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் பரவாயில்லை.

வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கிறது, ஜனவரி 28-இல் மூடுகிறது. நடுவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதாவது ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் தண்ணீர் நிற்கிற காலம் முழுக்க நம் வீட்டுக் கொல்லைக்கு அடியிலும் தண்ணீர் நிற்கிறது. போதாததற்கு நம் மண் களி. உறிஞ்சுகுழிக்குப் போன நீரை அது உறிஞ்சுவதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் டேங்க் "நிறைந்தால்" பல நேரம் கசடு நிறைந்திருக்காது. வெளியே போக இடமில்லாமல் தண்ணீர் திரும்பியிருக்கும். அப்போது எடுத்தால் என் கதைதான், காசைக் கொடுத்து ஊற்றுத் தண்ணீரை லாரியில் ஏற்றி அனுப்புவீர்கள்.

தை அறுவடை முடிந்து, வாய்க்கால் காய்ந்து, மாசிக்குப் பிறகு நிலத்தடி நீர் இறங்கும். பங்குனியும் சித்திரையும்தான் நல்ல காலம். அறுத்த வயல் காய்ந்து கிடப்பதால் தெரு குறுகலாக இருந்தால்கூட வண்டியை வயல் பக்கமாகக் கொல்லைக்குக் கொண்டுவரலாம். அவசரக் கூட்டம் இருக்காது, ரேட்டும் இறங்கியிருக்கும்.

மாதத்தை நம்பாமல் உறுதியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் கொல்லைக் கிணற்றில், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கிணற்றில், கயிற்றை விட்டுத் தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். டேங்கின் அடித்தளம் தரையிலிருந்து எத்தனை அடி என்றும் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் டேங்கின் அடியைவிடக் கீழே இருந்தால் எடுக்கலாம். மேலே இருந்தால் பொறுங்கள்.

மழையில் பொறுக்கவே முடியாத நிலை வந்தால்? முழுக்க எடுக்காதீர்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கக்கூஸ் ஓடும், டேங்குக்கும் ஆபத்தில்லை. முழு வேலையைப் பங்குனிக்கு வைத்துக்கொள்ளலாம். "எடுத்தா முழுசா எடுக்கணும்கா" என்று வற்புறுத்துவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை என்றால், நாலைந்து பேர் இருக்கிற வீட்டுக்குப் பொதுவாக 2 முதல் 3 வருடம். "எங்க வீட்ல பதினஞ்சு வருஷமா எடுக்கவே இல்ல" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்கள் வீட்டுக் கசடு மண்ணுக்குள்ளோ வாய்க்காலுக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகமாக இருந்தால் அளந்து பாருங்கள். நீளமான மூங்கில் கழி அல்லது பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றுங்கள். மூடியைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டு, முதல் அறையில் கழியைத் தரை தட்டும்வரை மெதுவாக இறக்கி, சில நிமிடம் விட்டு எடுங்கள். துணியில் கசடு ஏறிய இடம் கன்னங்கரேல் என்று ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு மேலே சாம்பல் நிறமாக ஈரம் மட்டும் தெரியும். கோடு போட்டது போலத் தெரியாவிட்டாலும் கண்டுபிடித்துவிடலாம். கறுப்பு, தண்ணீர் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் நேரம் வந்துவிட்டது. போன தடவை எங்கள் டேங்கில் நாலு அடித் தண்ணீரில் 15 அங்குலம் கறுப்பு இருந்தது. குனிந்து எட்டிப் பார்க்காமல் செய்யுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். துணியைப் புதைத்துவிடுங்கள்.

3. யாரைக் கூப்பிடுவது

நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் முதலில் 14420 என்ற எண்ணை முயன்று பாருங்கள். கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்வதற்கான உதவி எண் அது. இல்லாவிட்டால் நகராட்சி அலுவலகத்துச் சுகாதாரப் பிரிவில் உரிமம் பெற்ற வண்டிகள் எவை என்று கேளுங்கள். வீட்டு வரி ரசீது நகலும் உங்கள் போன் எண்ணும் கையில் இருந்தால் போதும்.

எங்களைப் போலக் கிராமத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்து ஊர்த் தனியார் வண்டிதான். நம்மிடம் யாரும் ஒரு காகிதமும் கேட்க மாட்டார்கள். நாம்தான் அவர்களிடம் கேட்க வேண்டும்: கழிவுநீர் ஏற்றிச் செல்ல உள்ளாட்சி கொடுத்த உரிமத்தின் போட்டோ, வண்டி நம்பர், டேங்கர் எத்தனை லிட்டர், ஹோஸ் எத்தனை அடி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவர் இரண்டு நிமிடத்தில் அனுப்புவார். இல்லாதவர் "ஏன்கா, நம்பிக்கை இல்லையா?" என்பார்.

அப்புறம், எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொன்னால் நல்லது. "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்றால் ராத்திரி ஏதோ ஒரு மதகுக்குப் பின்னால் வாய்க்காலில் திறந்துவிடப் போகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் வாய்க்கால் நம் ஊரோடு முடிவதில்லை. கீழூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறைக்கும் நாற்றங்காலுக்கும் போகிறது. மேலூரில் ஒருவர் இப்படியே நினைத்தால் நம் படித்துறைக்கு வரும். தென்னந்தோப்புக்கு உரம் என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. பச்சையாக எடுத்த கசடில் குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் அதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆண் துணை இல்லாமல் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்ல சார் இல்லீங்களா, அவர்கிட்டயே பேசிக்கிறேன்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். லிட்டர் கணக்கைச் சொன்னேன். அதற்கு மேல் சாரைத் தேடவில்லை.

4. பணம்

வண்டிகள் லோடு கணக்கில்தான் காசு வாங்குகின்றன. எங்கள் பக்கம் வருகிற லாரி பெரும்பாலும் 6,000 லிட்டர். டிராக்டரில் இழுக்கிற டேங்கர் 3,000, 4,000 லிட்டர் இருக்கும். சந்துக்குள் நுழைய டிராக்டர் தோது. உங்கள் டேங்க் 3,600 லிட்டர் என்றால் 6,000 லிட்டர் லாரிக்கு இரண்டாவது லோடு என்ற பேச்சே வரக்கூடாது. "கசடு கெட்டியா இருக்கு, ரெண்டு நடை ஆகும்" என்றால், முதல் நடையில் வண்டி நிறைந்துவிட்டதா என்று அளவுக்கண்ணாடியைக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

என் செலவைச் சொல்கிறேன். ஐப்பசியில் எடுத்தது 4,500 ரூபாய், முழுக்க வீண். அடுத்த பங்குனியில் லாரிக்கு 2,800, மூடி திறந்த கொத்தனாருக்கு 900, திரும்ப மூடிப் பூச 400, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் 250. ஆக 4,350. போன பங்குனியில் மூடிக்குக் கைப்பிடி வைத்துவிட்டதால் கொத்தனார் செலவே இல்லை, லாரி 3,000 ரூபாயோடு முடிந்தது.

போனிலேயே பேசித் தீர்க்க வேண்டியவை: ஹோஸ் நீளத்துக்குத் தனிக் காசா, இரண்டு அறையும் சேர்த்தா ஒன்றுக்கு மட்டுமா, அடிக்கசடுக்குத் தனியாகக் கேட்பார்களா. "வந்து பாத்துட்டு சொல்றோம்" என்று வருகிறவர்கள் வந்தபிறகு ஏற்றித்தான் சொல்வார்கள். முன்பணம் கொடுக்காதீர்கள். வேலை முடிந்து, நீங்கள் டேங்கைப் பார்த்தபிறகு கொடுங்கள். தேதி, வண்டி நம்பர், லிட்டர், கொட்டுகிற இடம் நான்கும் எழுதிய ரசீது வாங்குங்கள். பில் புத்தகம் இல்லை என்றால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் போதும். நாளைக்கு அந்த வண்டி எங்காவது பிடிபட்டு, யார் வீட்டுக் கழிவு என்று கேள்வி வந்தால் உங்களிடம் இருக்கிற ஒரே காகிதம் அதுதான்.

5. முந்தின நாள்

நம் ஊர் பழைய வீடுகள் வாசலில் ஆரம்பித்துக் கொல்லையில் முடிய நூறடிக்கு மேல் இருக்கும். பல வீட்டில் பக்கவாட்டில் சந்து கிடையாது. அதனால் ஹோஸ் திண்ணையைத் தாண்டி, கூடம் வழியாக, அடுப்படியை ஒட்டிக் கொல்லைக்குப் போகும். எங்கள் வீட்டில் முதல் தடவை அப்படித்தான் போனது. ஹோஸைத் துண்டு துண்டாக இணைக்கிறார்கள். இணைப்புகளில் ஒன்று சரியாகப் பூஜை அலமாரிக்கு எதிரில் வந்து சொட்டியது. மாமியார் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆகவே வண்டி நிற்கிற இடத்திலிருந்து மூடிவரைக்கும் ஒரு கயிற்றைப் போட்டு அளந்து, அந்த நீளத்தைப் போனில் சொல்லிவிடுங்கள். கொல்லைப் பக்கம் வண்டி வர வழி இருந்தால் அதைப் பாருங்கள். வாய்க்கால் பாலம் லாரி எடையைத் தாங்குமா, மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்தான் ஹோஸ் போகும் என்றால் வழி முழுக்கத் தார்ப்பாய், ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே ஒரு பழைய அன்னக்கூடை.

இரண்டு டிரம் தண்ணீர் பிடித்து வையுங்கள். மாட்டை வேறு இடத்தில் கட்டுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரமாக, காலை பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அன்றைக்கு அவர்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்களோ என்னவோ.

6. அன்றைக்கு

யாரும் டேங்குக்குள் இறங்கக்கூடாது. இரண்டு நிமிடத்துக்கும் கூடாது, கயிறு கட்டிக்கொண்டும் கூடாது.

இரண்டாவது தடவை வந்த வண்டியில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் இருந்தான். மோட்டார் நின்றதும் சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டான். "அடில கொஞ்சம் கெட்டியா நிக்குதுக்கா. இறங்கி வழிச்சு விட்டுடுறேன், ஐநூறு குடுங்க" என்றான். மாமனார்கூட, "அந்தக் காலத்துல இறங்கித்தானே எடுப்பாங்க" என்றார். நான் மூடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "வேண்டாம் தம்பி, சட்டையப் போடு. கெட்டியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தேங்கி நிற்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அங்கேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிற அடுத்தவருக்கும் அதே கதி. செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே படிப்பது இதனால்தான். தப்பித்தவறி யாராவது விழுந்துவிட்டால் 101-க்கும் 108-க்கும் கூப்பிடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள்.

சட்டமும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கக்கூடாது. நேரடியாகவோ, இன்னொருவர் மூலமாகவோ வேலைக்கு வைத்தவர் யாராக இருந்தாலும், வீட்டுக்காரரானாலும், குற்றம். முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவைக்கு 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். "அவங்களாதான் இறங்குனாங்க" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

இனி வேலை எப்படி நடக்க வேண்டும் என்று பார்ப்போம். எல்லா மூடிகளையும் திறந்து அரை மணி நேரமாவது விடச் சொல்லுங்கள். பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கிட்டே கூடாது, மீத்தேன் பற்றிக்கொள்ளும். ஹோஸ் முனை முதல் அறையின் தரையைத் தொட வேண்டும். இங்கேதான் பெரிய ஏமாற்று. முனையைப் பாதி ஆழத்தில் தொங்கவிட்டு மேலே உள்ள தண்ணீரை மட்டும் இழுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், கசடு அப்படியே கிடக்கும். ஆறு மாதத்தில் திரும்பக் கூப்பிடுவீர்கள்.

மோட்டார் சத்தத்தைக் கவனியுங்கள். தண்ணீர் போகும்போது ஒரே சீராக இரைகிறது. கசடு ஏறும்போது சத்தம் கனத்து, ஹோஸ் மலைப்பாம்பு போலத் துள்ளும். காற்றை இழுத்தால் உறிஞ்சுகிற சத்தம் வரும். துள்ளலே இல்லாமல் நேராக உறிஞ்சல் சத்தத்துக்கு வந்துவிட்டால் அடியைத் தொடவில்லை என்று அர்த்தம். நிறுத்தச் சொல்லி, டிரம் தண்ணீரை ஊற்றி, நீள மூங்கிலால் மேலே நின்றபடியே கலக்கி, திரும்பப் போடச் சொல்லுங்கள். கெட்டிக் கசடு இரண்டு தடவை கலக்கினால் கரைந்து வந்துவிடும். பிறகு இரண்டாவது அறை. அதைக் கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

உள்ளே பார்க்க டார்ச் அடியுங்கள், எட்ட நின்று பாருங்கள். பளிச்சென்று கழுவி விட்டது போல இருக்க வேண்டியதில்லை. அடியில் ஓரிரு அங்குலம் கசடு இருப்பது நல்லதுதான். அதிலிருக்கிற நுண்ணுயிர்கள்தான் புதிதாக விழுவதைச் செரிக்க ஆரம்பிக்கும். கழுவிவிடுகிறேன் என்று தனிக் காசு கேட்டால் தேவையில்லை.

உறைக்குழி என்றால் கடைசி ஒன்றரை அடியைத் தொடவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

7. எடுத்து முடிந்ததும்

மூடுவதற்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தில் மூன்றைப் பாருங்கள். சுவரில் எங்காவது தண்ணீர் கசிந்து வழிகிறதா, உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் டீ வடிவத் துண்டு இருக்கிறதா, தடுப்புச் சுவர் நிற்கிறதா. வெளிப்போக்கில் அந்தத் துண்டு உடைந்திருந்தால் மேலே மிதக்கிற ஏடு நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் அடைத்துவிடும். எங்கள் வீட்டில் அது உடைந்து அடியில் கிடந்தது. பிளம்பர் மேலே இருந்தே கையை விட்டு மாட்டினார், சாமான் 180 ரூபாய்.

பிறகு டேங்கில் தண்ணீர் விடுங்கள், பிளாஸ்டிக் டேங்கானால் அன்றைக்கே நிரப்பிவிடுங்கள். சாணி கரைத்து ஊற்றச் சொல்வார்கள், ஈஸ்ட் போடச் சொல்வார்கள், வண்டிக்காரரே 350 ரூபாய்க்கு ஒரு பவுடர் பாக்கெட்டை நீட்டுவார். எதுவும் வேண்டாம், விட்டு வைத்த கசடே போதும். சிந்திய இடத்தில் மட்டும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவுங்கள். அந்த பிளீச்சிங் டேங்குக்குள் போகக்கூடாது.

மூடி விளிம்பைச் சுண்ணாம்புக் கலவையால் பூசுங்கள். கெட்டி சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டால் அடுத்த தடவை மறுபடியும் உளி வேலைதான். காற்றுக்குழாய் முனையில் நைலான் வலை கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசு இந்த மாதிரித் தண்ணீரில்தான் முட்டையிடும். அந்த நோய் என்ன செய்யும் என்று கும்பகோணத்துப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வலைக்கு 20 ரூபாய்கூட ஆகாது.

எடுத்த தேதியைக் கொல்லைச் சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். அளவுகள் எழுதிய தாளும் ரசீதும் வீட்டு வரி ரசீதோடு ஒரே பையில் இருக்கட்டும்.

8. அடுத்த தடவை வரைக்கும்

சமையலறைத் தண்ணீரையும் குளிக்கிற தண்ணீரையும் டேங்கில் விடாதீர்கள். அது வாழைக்குப் போகட்டும். டேங்கில் தண்ணீர் நிறைய விழுந்தால் கசடு படியவே நேரம் கிடைக்காது. நாப்கின், டயப்பர், தலைமுடி எதுவும் செரிக்காது. போன தடவை எங்கள் ஹோஸை அடைத்தது ஒரு துணிப்பை. எப்படிப் போனது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிட்டும் பினாயிலும் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் நுண்ணுயிர் செத்துவிடும். கக்கூஸ் கழுவ ஆசிட் இல்லாமல் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

புதிதாக உறிஞ்சுகுழி தோண்டுகிறவர்களுக்கு: இந்தியத் தரநிர்ணய விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம் மனைக்கட்டில் 18 மீட்டர் கிடைப்பது கஷ்டம்தான். கிடைக்காவிட்டால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குளிக்கவும் செடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் சேர்த்து அளங்கள்.

பங்குனியில் எடுத்த டேங்க், வெயில் கொளுத்தும்போதே ஒரு வாரத்துக்குள் நிறைந்தால் வண்டிக்குப் போன் போடாதீர்கள். மோட்டார் பைப்போ ஃபிளஷ் டேங்கோ ஒழுகி உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லை என்றால் உறிஞ்சுகுழி அடைத்திருக்கிறது, கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அந்த வேலையையும் ஆனி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குழி தோண்டத் தோண்ட ஊறும்.